திறவுகோல் எங்கே இருக்கிறது?



சாவி என்பது போர்த்துகீசியத்திலிருந்து தமிழுக்கு வந்த சொல். நம் சொல் திறவுகோல். பூட்டவும் அதுவே பயன்படுகிறது. எனினும், திறப்பதை முன்னிறுத்தியே அதற்குப் பெயர் அமைந்தது. நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு இச்சொல்லைக் கற்பித்தபோது, "இரவில் உங்கள் வீட்டுத் திறவுகோல் எங்கே இருக்கும்?" என்று கேட்டேன். "அப்பாவின் பையில்" என்றான் ஒருவன். "தெரியாது ஐயா" என்றாள் மற்றொருத்தி. அவ்விடைதான் என்னை எழுதத் தூண்டியது.

நம் வீடுகளில் பலவகைப் பூட்டுகள் உள்ளன. படுக்கையறைக் கதவின் உருண்டைக் குமிழில் உள்ள பொத்தானை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். உள்ளிருந்து குமிழைத் திருகினால் திறந்துகொள்ளும். குளியலறைக் குமிழ் பலவற்றில் வெளிப்புறம் சிறு துளை இருக்கும். குழந்தை உள்ளே அகப்பட்டுக்கொண்டால், மெல்லிய கம்பியை அதில் செலுத்தித் திறக்கலாம். மூட்டுவலியுள்ள முதியோருக்குக் குமிழைவிடக் கீழ்நோக்கி அழுத்தும் நீள்கைப்பிடியே எளிது.

வாசற்கதவில்தான் கவனம் வேண்டும். 1861இல் அமெரிக்கரான லைனஸ் யேல் (இளையவர்) காப்புரிமை பெற்ற உருளைப் பூட்டின் முறையே இன்றும் பெரும்பாலான வீடுகளில் உள்ளது. திறவுகோலின் வெட்டுகள் உள்ளிருக்கும் ஊசிகளைச் சரியான உயரத்திற்குத் தூக்கினால் மட்டுமே உருளை சுழலும். வந்தவன் திருடனா, தப்பிக்கத் துடிக்கும் பிள்ளையா என்று பூட்டு பார்ப்பதில்லை.

ஆகவே, வெளியே திறவுகோலும் உள்ளே கையால் திருப்பும் பிடியும் உள்ள பூட்டே குடும்பத்திற்கு ஏற்றது. இருபுறமும் திறவுகோல் தேவைப்படும் பூட்டு, கண்ணாடியை உடைத்துக் கையை நுழைக்கும் திருடனைத் தடுக்கும். தீப்பிடித்தால் நம்மையும் தடுக்கும். பூட்டு மாட்டிய கிரில் கதவும் அத்தகையதே. சன்னல்களுக்கும் கம்பியிட்ட நம் வீடுகளில் வேறு வழி ஏது? புகை சூழ்ந்த இருட்டில் தலையணைக்கு அடியில் தேட நேரமிராது.

பெற்றோர்களே, திறவுகோலை வாசலருகே, வெளியிலிருந்து கை எட்டாத ஓர் ஆணியில் மாட்டுங்கள். அது எப்போதும் அங்கேயே இருக்கட்டும். பிள்ளைகளையும் தாத்தா பாட்டியையும் உள்ளே வைத்து வெளியே பூட்டிச் செல்லாதீர்கள். விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளையே கதவைத் திறக்கச் சொல்லிப் பழக்குங்கள்.

ஆசிரியர்களே, நாளை உங்கள் வகுப்பிலும் அக்கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "தெரியாது" என்று சொல்லும் பிள்ளையின் பெற்றோருக்கு அன்றே ஒரு குறிப்பு எழுதி அனுப்புங்கள்.