வாடகைக்கு ஒரு மேடு

ரெட்டியார்சத்திரத்துக்காரனுக்குத் தங்க இடம் தேடுவது ஊர்ப் பேரிலேயே எழுதியிருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து பழநி போகிற ரோட்டில் எங்கள் ஊர். இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஒட்டன்சத்திரம். வழிப்போக்கனுக்குத் திண்ணையும் தண்ணியும் கொடுத்த ரோடு ஸார் இது! அந்தக் காலத்தில் யாரும் அட்வான்ஸ் கேட்டதாகத் தகவல் இல்லை.

2024 ஆரம்பத்தில் கிண்டியில் ஓர் ஆபீஸில் எனக்கு வேலை கிடைத்தது. சேர்ந்த அன்றைக்கே ஆளுக்கு ஒரு ஏரியா சிபாரிசு செய்தார்கள். வேளச்சேரிவாசி வேளச்சேரி என்றார், மேடவாக்கம்வாசி மேடவாக்கம் என்றார், போரூர்வாசி ஆபீஸுக்கே லேட்டாக வந்து போரூர் என்றார். சென்னையில் தான் குடியிருக்கிற ஏரியாவை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். 'எங்க ஏரியா கொசு அவ்வளவா கடிக்காது பாஸ்' என்று சொன்னவரை நானே பார்த்திருக்கிறேன் (சொறிந்துகொண்டேதான் சொன்னார்).

எனக்கு ஏரியாவைவிட அட்வான்ஸ்தான் கவலை. பத்து மாச வாடகையை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வது சென்னையின் பழைய வழக்கம். 2017-ல் போட்டு 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டமோ, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. இதை ஒரு ஹவுஸ் ஓனரிடம் பவ்யமாக எடுத்துச் சொன்னேன். "ரொம்ப நல்ல சட்டம் தம்பி. அப்ப சட்டம் போட்டவங்க வீட்டுலயே குடியிருந்துக்கோ" என்றார்.

ஊரில் அப்பா செவலைப் பசுவை ஐம்பத்தெட்டாயிரத்துக்கு விற்றார். பால் ஊற்றித்தான் தங்கச்சியின் காலேஜ் பஸ் பாஸ் ஓடிக்கொண்டிருந்தது. பணத்தை என் கையில் கொடுத்து அனுப்பியிருக்கலாம். "மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்த்து வாங்குறோம், வீட்டை போட்டோவுல பார்த்தா வாங்குறது?" என்று கூடவே கிளம்பிவிட்டார். பையில் புத்தம்புது திண்டுக்கல் பூட்டு ஒன்று. வீடு கிடைப்பதற்கு முன்னாடியே பூட்டு ரெடி!

2023 டிசம்பர் 30-ல் திறந்த கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் விடியற்காலை இறங்கினோம். "சென்னை எங்கடா?" என்றார் அப்பா. "இன்னொரு பஸ் ஏறணும்ப்பா" என்றேன். "அப்ப இது செங்கல்பட்டுன்னே சொல்லியிருக்கலாம்ல?" நியாயமான கேள்வி. பதில் என்னிடம் இல்லை.

அப்பா வந்ததில் முதல் லாபம், 'ஃபேமிலி ஒன்லி' போர்டுகள். தனியாகப் போனால் கேட்டையே திறக்காதவர்கள், அப்பாவின் வெள்ளை வேட்டியைப் பார்த்ததும் ஃபேன் போட்டு உட்கார வைத்தார்கள். ஓர் இடத்தில் மட்டும் திண்டுக்கல் என்று சொன்ன மாத்திரத்தில் பிரியாணி வாசனை வந்துவிட்டது போல அந்த அம்மா மூக்கைச் சுளித்தார். "நாங்க ப்யூர் வெஜ்." அப்பா எழுந்தார். "நாங்களும் புரட்டாசியில வெஜ்தாம்மா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

வீடு பார்க்கிற அழகை அவரிடம்தான் பார்க்க வேண்டும். நாமெல்லாம் டைல்ஸ் பார்ப்போம், கப்போர்டு திறந்து பார்ப்போம், சிக்னல் வருகிறதா என்று போனைத் தூக்கிப் பிடிப்போம். அவர் வீட்டுக்குள்ளேயே போகவில்லை. தெருவில் நின்று ரோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார். அடுத்து, ரோட்டிலிருந்து வாசலுக்கு ஏறுகிறோமா, இறங்குகிறோமா? ஏரியாவில் பாதி வீடுகளில் இறங்கத்தான் வேண்டியிருந்தது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப்போன வீடெல்லாம் கிணறு மாதிரி ஆகிவிட்டது. மூன்றாவதாக, ஈபி மீட்டர் எந்த உயரத்தில் இருக்கிறது? ஒரு வீட்டில் அது தலைக்கு மேலே இருந்தது. "இவ்வளவு உசரத்துல எதுக்கு?" என்றார். "குழந்தைங்க தொடாம இருக்கத்தான்" என்றார் ஓனர். வீட்டில் குழந்தைகளே இல்லை.

"2015-ல தண்ணி வந்துச்சுங்களா?"

"இங்கயா? நெவர்!"

"போன டிசம்பர் புயல்ல?"

"சேச்சே!"

அப்பா தலையாட்டிவிட்டு எதிர்ச்சாரி இஸ்திரி வண்டிக்குப் போனார். நம் வாடகையில் இஸ்திரிக்காரருக்குப் பங்கு கிடையாது. அதனால் உண்மை சொல்வார். "மிக்ஜாம் அப்பவா? இடுப்புக்கு ஸார். ரெண்டு நாள் கரண்ட் இல்ல. அந்த ஓனரே மச்சான் வீட்டுக்குப் போயிட்டாரு." ஓனர் போன ஆட்டோவின் வாடகை வரை சொன்னார். புரோக்கரிடம் கேட்பதை விட்டுவிட்டு அன்றிலிருந்து நாங்கள் இஸ்திரி வண்டிகளையே தேடிப் போனோம்.

சாயங்காலம் டீக்கடையில் ஏரியா பெயர்களை வரிசையாகச் சொல்லச் சொன்னார். ஈக்காட்டுத்தாங்கல், பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல்... "நிறுத்து. தாங்கல்னா கண்மாய்தானடா?" என்றார். ஆமாம், சின்ன ஏரியைத்தான் தாங்கல் என்பார்கள். அத்தனை வருஷம் தமிழ் படித்த எனக்கு அது காதிலேயே விழவில்லை. நுங்கம்பாக்கத்தில் ஏரி போய் 'லேக் ஏரியா' என்ற பெயர் மட்டும் நிற்கிறது. 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரி இருந்த இடம்தான். தி.நகரே 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய ஊர். மொகப்பேரில் 'ஏரித் திட்டம்' என்று பட்டவர்த்தனமாகவே பேர் வைத்துவிட்டார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. அதைச் சுற்றி எழும்பிய அபார்ட்மெண்டுகளுக்கு முன்பே பூஜை போட்டாகிவிட்டது. இதற்காக அந்த ஏரியாக்களில் எல்லாத் தெருவும் முழுகும் என்று அர்த்தமில்லை. பக்கத்துப் பக்கத்துத் தெருவில் ஒன்று மேடாக இருக்கும், ஒன்று பள்ளமாக இருக்கும். பெயர் சொல்வது இவ்வளவுதான்: இங்கே கொஞ்சம் விசாரித்துக்கொள்.

எங்கள் ஊரில் இஸ்ரேல் உதவியோடு நடக்கிற காய்கறி மகத்துவ மையம் இருக்கிறது. சொட்டு நீர்ப் பாசனத்தில் தண்ணியைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விடுகிற இடம். அப்படிப்பட்ட ஊர்க்காரருக்கு டிசம்பர் தண்ணிக் கவலை பாதிதான், மே மாசக் கவலை மீதி. "போர் எத்தனை அடி? கோடையில வத்துமா? குழாய்த் தண்ணி வாரத்துல எத்தனை நாள்?" சும்மா கேட்கவில்லை அவர். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகனில் 25 லட்சம் லிட்டர் குடிதண்ணீர் ரயிலில் வந்ததே! அதே ஊரில் நாலே வருஷத்தில் இடுப்பளவு வெள்ளம். தண்ணி இல்லாமலும் தவிக்க வைக்கும், தண்ணியாலும் தவிக்க வைக்கும்.

மூன்றாம் நாள் பரங்கிமலையில் ஒரு மாடி போர்ஷன். ஒரு ஹால், ஒரு ரூம், நின்றால் முழங்கை இடிக்கிற கிச்சன். மலைச் சரிவை ஒட்டிய தெரு, வாசலுக்கு இரண்டு படி ஏற வேண்டும். மீட்டர் நெஞ்சுயரத்தில் இருந்தது. இஸ்திரிக்காரர், "2015-ல தெருமுனை வரைக்கும் வந்துச்சு, இதுக்கு மேல ஏறல" என்று சாட்சி சொன்னார். கிண்டி அடுத்த ஸ்டேஷன். வெள்ளிக்கிழமை ராத்திரி மின்சார ரயிலில் தாம்பரம் போய் பாண்டியனைப் பிடித்தால் விடியும்போது திண்டுக்கல். அங்கிருந்து பழநி பஸ். அம்மாவின் காபிக்குச் சரியான டைம்!

வாடகை பதினோராயிரத்து ஐந்நூறு. வேளச்சேரியில் இதைவிடப் பெரிய வீடு இரண்டாயிரம் குறைச்சலாகவே கிடைத்தது. நான் இழுத்தேன். "மாசம் ரெண்டாயிரம் மிச்சம் பிடிச்சு, ஒரு மழையில கட்டிலும் பீரோவும் பைக்கும் போனா என்ன கணக்கு?" என்றார் அப்பா. அதற்கு மேல் நான் பேசவில்லை. அட்வான்ஸ் ஐந்து மாசம், ஐம்பத்தேழாயிரத்து ஐந்நூறு. அக்ரிமெண்டில் அந்தத் தொகையையும், காலி செய்யும்போது திருப்பித் தர வேண்டும் என்பதையும் எழுத வைத்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், ஆனால் ஒரு வரி விட மாட்டார். செவலையில் மிச்சம் ஐந்நூறு ரூபாய். அதை என் சட்டைப் பையில் திணித்துவிட்டு, பூட்டைத் தொங்கவிட்டு இழுத்துப் பார்த்துவிட்டு பஸ் ஏறினார்.

2024 அக்டோபர் மழையில் வேளச்சேரிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தியதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு எனக்கு வேளச்சேரியைச் சிபாரிசு செய்த ஆபீஸ் நண்பர் பாயும் தலையணையுமாக என் வீட்டு ஹாலில் இருந்தார். கீழ்வீட்டு ஓனர் மேலே வந்து எட்டிப் பார்த்தார்.

"யாரு தம்பி இவரு? பேச்சிலரா?"

"ஃபேமிலிதான் ஸார்" என்றேன். "தண்ணி வடியிற வரைக்கும்."