வைரமும் நானும்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, படிகங்களைப் பற்றி எழுதித் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் எண்ணினேன். என் படிப்பு அது. வைரத்தில் ஒவ்வொரு கரியணுவும் வேறு நான்கு கரியணுக்களைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. அதன் உறுதிக்கு அதுவே காரணம். இப்படித் தொடங்கினேனோ இல்லையோ, அறை நண்பர் சிரித்துவிட்டார். "வைரமா? சென்ற ஆண்டு நீர் வைரத்தால் பட்ட பாட்டை எழுதும்!" என்றார். ஆகவே அதையே எழுதுகிறேன்.

திருநெல்வேலியிலிருந்து இந்நகருக்கு வந்த இரண்டாம் ஆண்டில், எங்கள் துறையின் கால்பந்தாட்டக் குழுவுக்கு நான் பயிற்சியாளன் ஆக்கப்பட்டேன். எனக்குக் கால் ஓடாது, வாய் ஓடும். அது போதும் என்று வங்க நண்பர்கள் முடிவு செய்துவிட்டார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. டாக்குரியா ஏரிக்கு அருகேயுள்ள திடலில் கரும்பலகை ஒன்றைச் சாத்தி வைத்து, வைர வியூகம் வரைந்தேன். நடுக்களத்தில் நால்வர்: பின்னே ஒருவர், பக்கங்களில் இருவர், முன்னே ஒருவர். பலகையில் பார்க்க எவ்வளவு அழகு தெரியுமா!

முதல் ஆட்டம் 0–3. இரண்டாவது 1–5. ஐந்து கோலில் நான்கு எங்கள் இடப்புறமாக வந்தவை. அங்கே தடுப்பாட்டக்காரனாக நின்றவன் புருலியா மாவட்டத்து மாணவன், அதிகம் பேசாதவன். அன்று மாலை எல்லோர் முன்னிலும், என் அரைகுறை வங்காளத்தில், அவனைக் "கதவில்லாத வீடு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மறுநாள் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் இன்னும் இருவர் வரவில்லை. மூன்றாம் நாள் கரும்பலகையைத் தூக்கக்கூட ஆள் இல்லை.

டாக்குரியா ரயில் நிலையத்தின் ஓரத்தில் தேநீர்க் கடை வைத்திருக்கும் பெரியவர் மோகன் பாகன் பக்தர். அவரிடம் போய் என் துயரத்தைக் கொட்டினேன். 'டயமண்ட்' என்ற சொல் காதில் விழுந்ததும் கையிலிருந்த கெண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, 1997 ஜூலை 13 அன்று நீ பிறந்திருக்கவில்லை. நான் காலையிலேயே இறால் வாங்கி வைத்துவிட்டுப் போனேன்."

ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீன், மோகன் பாகன் வென்றால் இறால் என்பது இவ்வூர் வழக்கம். அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. சால்ட் லேக் அரங்கில் 1,31,000 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். மோகன் பாகனுக்குப் பயிற்சியாளர் அமல் தத்தா. ஈஸ்ட் பெங்காலுக்குப் பி.கே. பானர்ஜி.

அமல் தத்தாவைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. இங்கிலாந்து சென்று பயிற்சிக் கலையைக் கற்றவர்; திரும்பி வந்து, படச்சுருளும் படக்கருவியுமாக வங்காளத்து ஊர்களில் கால்பந்துப் படங்களைக் காட்டியவர். அவருடைய வைர வியூகம் காலிறுதியில் சர்ச்சில் பிரதர்ஸ் குழுவை 6–0 என்று நொறுக்கியிருந்தது. ஊரெங்கும் அதே பேச்சு. ஆனால் பெரிய ஆட்டத்துக்கு முன் அவர் வாயைத் திறந்துவிட்டார். எதிரணியின் பைச்சுங் பூட்டியாவைச் 'சுங் சுங்' என்றார். கென்யாக்காரர் ஓமோல்லோவை 'ஆம்லெட்' என்றார். பானர்ஜிக்கு வேறென்ன வேண்டும்? ஆட்டக்காரர்களின் உள்ளத்தைத் தட்டி எழுப்பும் அவருடைய பேச்சுக்கு 'வோக்கல் டானிக்' என்றே இங்கே பெயர். மருந்துக்கு வேண்டிய சரக்கை எதிராளியே அரைத்துக் கொடுத்துவிட்டார்!

முடிவு 4–1. நசிமுல் ஹக் ஒன்று. இருபது வயதுப் பைச்சுங் மூன்று. மோகன் பாகனுக்குச் சீமா அடித்தது ஒன்றே ஒன்று.

"இறாலை என்ன செய்தீர்கள், காக்கு?" என்றேன்.

"பூனை தின்றது" என்றார் பெரியவர்.

அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் ஒரே சிந்தனை. தத்தா எதிரணியையாவது கேலி செய்தார். நான் என் ஆளையே கேலி செய்தேன். அவர் வியூகம் ஒரு முறையாவது வென்றது.

பானர்ஜி யாரிடம் பயின்றவர் என்று அன்றிரவு தேடிப் படித்தேன். ஹைதராபாத்து ரஹீம் சாகிப். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ரஹீமின் இந்திய அணி முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0–2 என்று தோற்றது. பிறகு தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். ரஹீம் அவரை ஒதுக்கவில்லை. இடத்தை மாற்றி முன்வரிசையில் நிறுத்தினார். இறுதியாட்டத்தில் அதே தென் கொரியாவை 2–1 என்று வென்றார்கள். ஒரு கோல் பானர்ஜியுடையது, மற்றொன்று ஜர்னைலுடையது. (கோலைக் காத்து நின்றவர், சென்னைப் படைப்பிரிவில் ஆடி வளர்ந்த பீட்டர் தங்கராஜ். இதைச் சொல்லாமல் விட்டால் நம் சங்கத்தார் என்னை விடமாட்டார்கள்.) அப்போது ரஹீமுக்கு நுரையீரலில் புற்றுநோய். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் காலமானார்.

மறுநாள் மாலை புருலியாக்காரனின் அறைக்குப் போனேன். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. "நான் சொன்னது தவறு" என்றேன். இன்னும் ஏதேதோ சொல்ல ஆயத்தமாக வந்திருந்தேன், வாய் வரவில்லை. சட்டைப்பையிலிருந்த வியூகத் தாளை அவனிடம் நீட்டினேன்.

சற்று நேரம் பார்த்தான். பென்சிலை எடுத்து, வைரத்தின் முன்முனையில் நின்ற ஆளை அடித்துவிட்டு, இடது ஓரத்தில் தனக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தான்.

"ஓரத்தில் இரண்டு பேர் வருகிறார்கள், நான் ஒருவன். முதல் ஆட்டத்தன்றே சொல்ல வந்தேன். நீ பேசிக்கொண்டே இருந்தாய்."

பிறகு இரண்டு தட்டு எடுத்து வைத்தான்.

அடுத்த ஆட்டத்தில் 0–1 என்று தோற்றோம். மறுநாள் திடலுக்குப் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். கரும்பலகையை யாரும் கொண்டுவரவில்லை, நானும் கேட்கவில்லை.