எழுபது வளைவுகளுக்கு மேலே
(சேலம் - நாமக்கல் பயணத் தொடர்)

சேந்தமங்கலத்தையும் காளப்பநாயக்கன்பட்டியையும் தாண்டினால் கோழிப்பண்ணைகளும் கடலைக் காடுகளும் பின்தங்கிவிடுகின்றன. எதிரே மதில் எழுப்பியதுபோல் நிற்கிறது கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறது. வளைவுக்கு வளைவு ஓட்டுநர் ஆரன் அடித்துப் பேருந்தைத் திருப்ப, நாங்கள் சன்னலோரம் மரங்களைப் பார்த்துக்கொண்டே போனோம்.

கீழே கள்ளியும் உசிலையும் நிறைந்த முட்புதர். பாதி மலையில் கோடையில் இலை உதிர்க்கும் மரங்களும் மூங்கிலும். உச்சியை நெருங்கினால் ஈரக்காற்று. பள்ளங்களில் பசுமை மாறாச் சோலைகள். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் மூன்று வகைக் காடுகள்!

காலுக்கடியில் இருப்பது சார்னோக்கைட் பாறை. சென்னையில் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் கிடைக்கும் அதே இனம். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவானது. மேலிருந்த அடுக்குகள் தேய்ந்து கரைந்த பிறகு வெளியே வந்து, இன்று கடல் மட்டத்துக்கு மேல் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் வெயில் காய்கிறது.

ஏறி முடித்தால் சிகரம் இல்லை, ஊர் இருக்கிறது. செம்மேட்டில் பேருந்து நிலையம், டீக்கடை, அன்னாசிக் குவியல். சுற்றிலும் மலையாளிப் பழங்குடியினரின் வயலும் தோட்டமும். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு என்று நாடுகளாகப் பிரிந்து கிடக்கிறது மேட்டுநிலம். நீலகிரியின் முக்கூர்த்தி ஒரு தேசியப் பூங்கா. ஊரும் உழவும் அதற்கு வெளியேதான். கொல்லிமலை அப்படியல்ல: சரிவுகள் வனத்துறையின் காப்புக் காடு, மேல்தளம் உழவர் நிலம். நடுவே திட்டுத் திட்டாகக் கோயில் காடுகள். சாமிக்குப் பயந்து யாரும் வெட்டாததால் பழைய மரங்கள் அங்கே பிழைத்து நிற்கின்றன.

வயல்களின் கதை வேறு. கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, வெள்ளைப்பெருஞ்சாமை எனச் சாமையில் மட்டுமே பல ரகங்களை விதைத்த மண் இது. பிறகு குச்சிக்கிழங்கு ஏறி வந்தது. சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்குக்கு ரொக்கம் தருகின்றன. சாமையையோ உரலில் குத்தி உமி நீக்கியாக வேண்டும். அந்த வேலை பெண்களின் தோளில் விழுந்தது. சிறுதானியம் சுருங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கண்டுகொண்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், ஊர்களில் உமி நீக்கும் சிறு இயந்திரங்களை வைக்க உதவியது. ரகங்களைக் காக்க விதை வங்கிகளும் அமைத்தது.

தோட்டங்களில் உள்ளூர் பலாவுக்குப் பக்கத்திலேயே ஆஸ்திரேலிய சில்வர் ஓக் நெட்டென்று நிற்கிறது. அதில் மிளகுக்கொடி, அதன் நிழலில் எத்தியோப்பிய வழிக் காபி. குச்சிக்கிழங்கும் அன்னாசியும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை. இயற்கைக் காடு எங்கே முடிகிறது, தோட்டம் எங்கே தொடங்குகிறது என்று பல இடங்களில் கோடு போட முடியவில்லை.

அறப்பளீஸ்வரர் கோயிலை ஒட்டி ஓடும் ஐயாறு, சற்றுத் தள்ளி ஆகாய கங்கையாக சுமார் 300 அடி விழுகிறது. அருவியடிக்குப் போக ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் முழங்கால் கணக்குக் கேட்கிறது. அங்கிருந்து ஆறு பள்ளத்தாக்கைப் பிடித்து, திருச்சி மாவட்டப் புளியஞ்சோலைக்குப் போகிறது. அடுத்த இதழில் நாமும் அந்த அடிவாரத்துக்குப் போவோம்.