கொழுந்துப் பெட்டியும் பக்கக் கண்ணாடியும்

இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை என்று ஏ4 பாதையில் போகிறவர்கள் இருபக்கப் பச்சையையும் பார்த்து ஸுப்ஹானல்லாஹ் சொல்வார்கள். நான் சொல்ல வருவது தோட்டத்துக்குள் பிரியும் ஒற்றைப் பாதையைப் பற்றி.

அங்கே டிராக்டர், கொழுந்து மூட்டைகளைப் பெட்டியில் ஏற்றித் தொழிற்சாலைக்கு இழுத்துப் போகும். பெட்டி அகலமானால் சாதாரணக் கண்ணாடியில் மூட்டைதான் தெரியும். கண்ணாடியின் கம்பி பெட்டியின் விளிம்பைத் தாண்டி நீண்டிருக்க வேண்டும். இருக்கையிலிருந்தே பெட்டியின் பின்மூலையும் அதற்கப்பால் பாதையும் தெரிய வேண்டும். மட்டக் கண்ணாடி தூரத்தை உள்ளபடி காட்டும். குவிந்தது அதிக இடத்தைக் காட்டும், ஆனால் கிட்ட இருப்பதை எட்ட இருப்பதாகக் காட்டிவிடும். ஆகவே இரண்டும் இருப்பது நல்லது. கம்பி ஆடினால் இரண்டாலும் பயனில்லை.

சென்ற மழைக்காலத்தில் இடப்புற வளைவொன்றின் உட்பக்கம் ஒதுங்கி நின்றேன், கையில் ஏழு வயதுப் பிள்ளை. டிராக்டரின் முன்சக்கரம் எட்டத்தான் போனது. பின்னால் வந்த பெட்டியின் சக்கரமோ வளைவைக் குறுக்கே அறுத்துக்கொண்டு என் செருப்பருகே வந்துவிட்டது. பயண துஆ ஓதித்தான் புறப்பட்டிருந்தேன், கண்ணாடியும் வேண்டுமே! இடப்பக்கம் வெறும் கம்பிதான் இருந்தது.

“கிளையில பட்டு ஒடஞ்சு மூணு மாசமாச்சுங்க ஐயா. தொரைகிட்ட சொல்லியிருக்கேன்” என்றார் சாரதி.

தாய்மாரே, பிள்ளைகளை உள்வளைவில் நிறுத்தாதீர்கள். பெட்டியின் பின்னால் தொங்க விடாதீர்கள். கண்ணாடியில் சாரதியின் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால், அவருக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள்.

மறுமுறை போனபோது புதுக் கண்ணாடி மாட்டியிருந்தார்கள். கம்பிதான் குட்டை.