பூட்டிய வீடும் திறந்த வீடும்



பெங்களூரு கிழக்கு ரயில் நிலையத்தில் இறங்குகிறவருக்கு ஜீவனஹள்ளி வெகு தொலைவில் இல்லை. காக்ஸ் டவுனை ஒட்டிய குறுகலான தெருக்கள். இருபதுக்கு முப்பது அடி மனையில் மூன்று மாடி, நான்கு மாடி என்று எழும்பி நிற்கும் வீடுகள். கீழே மளிகைக் கடை, மேலே குடித்தனம், அதற்கும் மேலே தகரக் கூரை போட்ட ஓர் அறை. கன்னடத்தில் 'ஹள்ளி' என்றால் கிராமம். இன்று அந்தக் கிராமம் பெயரில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. ஆனால் வாசற்படியில் உட்கார்ந்து தமிழில் பேசிக்கொண்டிருக்கும் தாய்மாரைப் பார்த்தால், ஊரைவிட்டு வந்தவர்கள் தங்கள் ஊரைக் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள் என்றே தோன்றும்.

நம்மவர்கள் இந்நகரத்தின் கிழக்குப் பகுதிக்கு வந்தது நேற்றல்ல. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்கே கன்டோன்மென்ட் என்னும் படை நகரத்தை அமைத்தபோது, சென்னை மாகாணத்திலிருந்து வியாபாரிகளும், கட்டடத் தொழிலாளரும், சமையற்காரரும், பட்லர்களும் படையின் பின்னே வந்தார்கள். வந்த விருந்தினரின் முகமறிந்து பரிமாறுவது அவர்களுடைய தொழில். ஆகவே உபசரிப்புத் தொழில் நமக்குப் புதிதன்று. அன்று வீடு துரையுடையது, உழைப்பு நம்முடையது. இன்று நம்மில் பலருக்குச் சொந்தமாக ஒரு மாடி அறை இருக்கிறது. வேறு சிலருக்குச் சொந்த ஊரில் பூட்டிக் கிடக்கும் ஒரு பூர்வீக வீடு இருக்கிறது. அதில் விருந்தினரைத் தங்கவைத்து ஒரு சிறு தொழில் நடத்தலாமா என்ற யோசனை உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலும் வந்திருக்கக்கூடும். அதைக் குறித்தே இந்த மாதம் சிந்திப்போம்.

பத்து அறைகளில் தொடங்கியது

ஜீவனஹள்ளியிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், குதிரைப் பந்தய மைதானத்துக்கு எதிரே, பெரிய மரங்களுக்கு நடுவே வெஸ்ட் எண்ட் ஹோட்டல் இருக்கிறது. இன்று அது தாஜ் குழுமத்தின் ஐந்து நட்சத்திர ஹோட்டல். நம்மில் பலர் அதன் மதிற்சுவரைப் பேருந்திலிருந்து மட்டுமே பார்த்திருப்போம். ஆனால் 1887-இல் அது பிரான்சன் என்னும் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி பத்து அறைகளோடு நடத்திய தங்கும் விடுதி. பின்னர் 1912-இல் ஸ்பென்சர் நிறுவனமும், 1984-இல் தாஜ் குழுமமும் அதை ஏற்றுக்கொண்டன. அந்நாளில் பயணிக்குத் தேவையானவை ஒரு சுத்தமான படுக்கை, வேளைக்கு உணவு, தன் பெயரை அறிந்த ஒரு வீட்டுக்காரி. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அந்தத் தேவை மாறிவிடவில்லை.

காரைக்குடியின் ஒரு பங்களா

'அது ஆங்கிலேயர் காலம், நமக்கு எப்படிப் பொருந்தும்?' என்று கேட்பீர்கள். அப்படியானால் பெங்களூரிலிருந்து ஓர் இரவுப் பேருந்துப் பயணத் தூரத்தில் உள்ள செட்டிநாட்டுக்கு என்னோடு வாருங்கள்.

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் நகரத்தார் கட்டிய மாளிகைகளை நீங்கள் படத்திலாவது கண்டிருப்பீர்கள். பர்மா தேக்குத் தூண்கள், கண்ணாடிபோல் வழுவழுக்கும் சுவர்ப் பூச்சு, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும் முற்றங்கள். பர்மாவிலும் மலாயாவிலும் சம்பாதித்த பணம் அங்கே வீடாக நின்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த வாணிபம் குலைந்தது. பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் போனார்கள். வீடுகளுக்குப் பூட்டு விழுந்தது. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். பழுது பார்க்க ஒருவரும் முன்வராத நிலையில் எத்தனையோ மாளிகைகள் இடிக்கப்பட்டன. அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விலைக்கு வந்தன. ஊரை விட்டு வந்த எந்தக் குடும்பமும் இந்தக் கதையில் தன்னைக் காணலாம். நம்முடையது மாளிகையாக இராது, ஓட்டு வீடாக இருக்கும், பூட்டு ஒன்றே.

அந்தக் காரைக்குடியில், தங்கள் குடும்பத்தின் விருந்தினருக்கென இருந்த ஒரு பழைய பங்களாவை மீனாட்சி மெய்யப்பன் முன்னின்று 1999-இல் தங்கும் விடுதியாகத் திறந்தார். 'தி பங்களா' என்பதே அதன் பெயர். அக்காலத்தில் செட்டிநாடு சுற்றுலாப் பயணிகள் தேடி வரும் இடமாக இருக்கவில்லை. அவர் ஊரில் இல்லாத ஒன்றை வெளியிலிருந்து கொண்டுவர முயலவில்லை. ஊரில் இருந்ததையே இலையில் வைத்தார். வாழையிலை விரித்து, வரிசை தவறாமல் பரிமாறும் வீட்டுச் சமையலே அந்த விடுதியின் பெயரைக் கடல் கடந்து கொண்டுபோனது. வெளியிலிருந்து சாப்பிட வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்; ஏனென்றால் அங்கே சமையல், வருகிற தலைகளை எண்ணிச் செய்யப்படுகிறது. அதன் சமையல் முறைகள் 2014-இல் ஒரு நூலாகவும் வெளிவந்தன.

அதன்பின் கானாடுகாத்தானிலும் சுற்று வட்டாரத்திலும் வேறு பல வீடுகள் விருந்தினருக்குத் திறந்தன. அவற்றுள் சாரதா விலாஸ் என்னும் மாளிகையைச் சீர்படுத்தி விடுதியாக்கியவர்கள் பிரான்சு நாட்டுக் கட்டடக் கலைஞர்கள். 2014-இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. தூணை விற்றால் ஒருமுறை பணம் வரும். தூண் நிற்கும் வீட்டைத் திறந்தாலோ, ஊரிலுள்ள சமையற்காரருக்கும், தச்சருக்கும், ஆத்தங்குடியில் கல் வார்க்கிறவருக்கும் ஆண்டுதோறும் வேலை வரும்.

அழகு எங்கே இருக்கிறது?

பிரியமானவர்களே, இதைப் படித்தவுடன், 'எங்கள் அறையில் தேக்குத் தூண் இல்லையே' என்று சோர்ந்துபோக வேண்டாம். சூனேம் ஊரிலே ஒரு பெண் தன் வீட்டின்மேல் ஏற்படுத்திய சிறிய அறையை நீங்கள் நன்கு அறிவீர்கள். அதில் இருந்தவை கட்டில், மேஜை, நாற்காலி, விளக்கு ஆகிய நான்குதான். அவள் அலங்காரத்தைக் குறித்து யோசிக்கவில்லை. அவ்வழியே அடிக்கடி வருகிற ஒரு மனிதருக்கு எது தேவை என்று யோசித்தாள். தனிச்சிறப்புள்ள தங்குமிடம் என்பது அதுதான்.

ஜீவனஹள்ளிக்கு யார் வருவார்கள் என்று அதே கண்ணோடு பாருங்கள். மருத்துவமனையில் படுத்திருக்கும் உறவினரைக் கவனிக்க வந்தவர். தேர்வு எழுத வந்த மகளோடு துணைக்கு வந்த தகப்பன். திருமணத்துக்கு வந்து மண்டபத்தில் இடம் கிடைக்காத குடும்பம். நோயாளியின் மனைவிக்கு வேண்டியது, காலை ஆறு மணிக்கு ஒரு பிளாஸ்க் கஞ்சியும், 'இன்றைக்கு எப்படி இருக்கிறார்?' என்று தன் மொழியில் கேட்கும் ஒரு குரலும். தேர்வு எழுதும் பிள்ளைக்கு வேண்டியது வெளிச்சமான ஒரு மேஜையும் சந்தடியற்ற இரவும். எந்தப் பெரிய ஹோட்டலும் இதை அறைக்கு அறை பார்த்துச் செய்ய இயலாது. சிறிய வீட்டின் பலம் இதுவே.

உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்

ஆனால் மனதுருக்கம் மட்டும் கணக்கைச் சரிக்கட்டாது. ஓர் உதாரணமாக, இரவுக்கு 1,500 ரூபாய் வீதம் மாதத்தில் 12 இரவுகள் அறை நிரம்புவதாக வைத்துக்கொள்வோம். வருவது 18,000. இணையதளம் மூலமாக ஆட்கள் வந்தால், அதற்கு நூற்றுக்குப் பதினைந்து கழிவு என்று வைத்தால் 2,700 போகும். காலை உணவு, துணி வெளுப்பு, தண்ணீர், மின்சாரம் எல்லாம் சேர்த்து இரவுக்கு 300 என்றால் 3,600. மிச்சம் 11,700. அதே அறையை 10,000 ரூபாய்க்கு மாத வாடகைக்கு விட்டிருந்தால் உங்கள் தூக்கம் கெட்டிராது. அப்படியானால் பன்னிரண்டு இரவுகளின் உழைப்புக்கு நீங்கள் பெற்ற கூலி 1,700 ரூபாய்தான்.

இப்போது இன்னொன்றைக் கவனியுங்கள். அந்தப் பன்னிரண்டு இரவுகளும், முன்பு தங்கிச் சென்றவர்களும் அவர்கள் அனுப்பிய உறவினரும் நேரே தொலைபேசியில் கேட்டுத் தங்கிய இரவுகளாக இருந்தால், அந்த 2,700 உங்களிடமே நிற்கும். உங்கள் கூலி 4,400 ஆகிறது. ஆகவே இத்தொழிலின் இலாபம் புதிதாக வருகிறவரிடத்தில் இல்லை; திரும்பி வருகிறவரிடத்தில் இருக்கிறது. அவரைத் திரும்ப வரவைப்பதோ நீங்கள் கொடுத்த கஞ்சி.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். மத்திய சுற்றுலாத் துறையின் வீட்டுத் தங்கல் திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறைகள் வரை பதிவு செய்யலாம். உரிமையாளரின் குடும்பம் அதே வீட்டில் வசிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். யார் தங்கினாலும் அடையாளச் சான்றின் நகலும் பதிவேடும் அவசியம். நீங்களே வாடகைக்கோ லீஸுக்கோ இருக்கும் வீடானால், உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதமின்றித் தொடங்காதீர்கள்.

வீட்டார் என்ன சொல்கிறார்கள்?

எல்லாவற்றுக்கும் மேலான கணக்கு ஒன்று உண்டு. அதை நம் குடும்பங்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை. விருந்தினருக்குக் கதவு திறப்பது யார்? விடியற்காலை எழுந்து சமைப்பது யார்? படுக்கை விரிப்பைத் துவைப்பது யார்? மூன்று கேள்விக்கும் வீட்டுத் தலைவி ஒருத்தியே விடையானால், அது குடும்பத் தொழிலன்று. அவள் தலைமேல் ஏற்றிய இன்னொரு சுமை. அவளுடைய மனமுவந்த சம்மதமும், வருமானத்தில் அவள் பெயருக்கென்று ஒரு பங்கும் இல்லாமல் மாடி அறையைத் திறக்காதீர்கள். சலித்துப்போன கை கொடுக்கும் காபியில் அந்தச் சலிப்பு விருந்தினருக்குத் தெரிந்துவிடும்.

இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அந்தப் பூட்டைத் திறந்து, ஜன்னல்களைத் திறந்து, ஓர் இரவு அங்கேயே படுத்துப் பாருங்கள். கூரை எங்கே ஒழுகுகிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, காலையில் எந்தப் பக்கம் காற்று வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்தபின் மாடி அறையிலும் அப்படியே ஓர் இரவு விருந்தாளியாகத் தங்குங்கள். கணவனும் மனைவியும் மறுநாள் காலையில் ஒரே மேஜையில் உட்கார்ந்து, கண்டதை ஒரு தாளில் எழுதுங்கள்.

அந்தத் தாளில் மனைவியின் கையெழுத்தும் இருக்கட்டும்.