வாசலில் மூன்று பானைகள்

காலை ஆறரை மணி. பர்மாவில், டலாவிலிருந்து த்வாண்டே போகும் சாலையோரம் ஒரு மொய்ங்கா கடை. மீன்சாறு ஊற்றிய அரிசிச் சேமியாதான் மொய்ங்கா. மூங்கில் கால்கள், ஓலைக்கூரை, ஐந்து மேசைகள். மேசைகள் முழங்கால் உயரம்தான். முக்காலிகள் அதைவிடத் தாழ்வு. பெயர்ப்பலகை கிடையாது. யாருக்காவது அடையாளம் சொல்ல வேண்டுமானால் வாசலில் இருக்கும் மூன்று மண்பானைகளைத்தான் சொல்ல வேண்டும். இடுப்பளவு உயர மரத்தாங்கியில், தமக்கென ஒரு சின்னக் கூரையோடு, சாலையைப் பார்த்தபடி அவை உட்கார்ந்திருக்கின்றன.

கடைக்கார அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். இரண்டு கன்னத்திலும் தனகா மரப்பட்டைச் சாந்து பூசியிருக்கிறார். சாறு கொதிவந்ததும் கரண்டியை வைத்துவிட்டு வாசலுக்கு வருகிறார். பானையை இறக்கி, நேற்றைய மிச்சத் தண்ணீரை மல்லிகைச் செடியின் தூரில் ஊற்றுகிறார். உள்ளே கைவிட்டுத் தேய்த்துக் கழுவுகிறார். வாயில் வெள்ளைத் துணி கட்டி, குடத்து நீரை மெல்லச் சாய்த்து வடிகட்டுகிறார். மூடியைப் போட்டு அதன்மேல் எவர்சில்வர் குவளையைக் கவிழ்க்கிறார். பிறகு அடுத்த பானை. மூன்றும் முடியக் கால் மணி நேரம் ஆகிறது. முதல் ஆளாக வந்து உட்கார்ந்த லாரிக்காரர் அதுவரை வாய் திறக்கவில்லை. அவருக்கும் முறை தெரியும்: பானைக்குப் பிறகுதான் கிண்ணம்.

பர்மியர் இதை ‘யே-ஓ-ஸின்’ என்கிறார்கள். நம் ஊர்த் தண்ணீர்ப்பந்தல்தான். நாம் கோடையில் போட்டு மழை வந்ததும் பிரித்துவிடுவோம். இங்கே வருடம் முழுக்க இருக்கும். போகிறவர் வருகிறவர் யாரும் கேட்காமலே மொண்டு குடிக்கலாம். தண்ணீர் வைப்பது ‘குத்தோ’, அதாவது புண்ணியம்.

இந்தச் சாலையில் அந்தப் புண்ணியம் லேசில் கிடைப்பதில்லை. ரங்கூனின் பன்சோடான் துறையில் ஜப்பான் கொடுத்த ‘செர்ரி’ படகில் ஏறினால் பத்து நிமிடத்தில் டலா. அக்கரையில் மாநகரம், இக்கரையில் வயற்காடு. மழைக்காலத்தில் எங்கும் வெள்ளக்காடாக நிற்கும் இந்தப் பூமி, பங்குனி சித்திரையில் குடிநீருக்குத் தவிக்கிறது. நிலத்தடி நீரில் உப்பு. மழைநீர் தேங்கிய குளங்களே கதி. 2008 மே 2 அன்று தாக்கிய நர்கிஸ் புயலில் டெல்டாவின் குளங்களில் கடல்நீர் புகுந்தது. குளத்து நீரின் அருமையை அதற்குப் பிறகு இங்கே யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இது பங்குனி. வருகிற வழியில் குளத்தங்கரையில் வரிசை நின்றது. தோளில் காவடித் தடி, இரு முனையிலும் ஒவ்வொரு வாளி. அப்படி வந்த நீர்தான் இந்தப் பானைகளில் நிறைந்திருக்கிறது.

சாலையில் செருப்பில்லாத காலடிகள். பிட்சுகள் வரிசையாக வருகிறார்கள். கடைக்கார அம்மா தன் செருப்பைக் கழற்றிவிட்டு, சூடான சோற்றை ஒவ்வொரு திருவோட்டிலும் ஒரு கரண்டி இடுகிறார். பேச்சே இல்லை. வரிசை நகர்ந்ததும் கைகூப்பி, நெற்றியில் வைத்து எடுத்து, அடுப்படிக்குத் திரும்புகிறார்.

இப்போது கிண்ணங்கள். அரிசிச் சேமியாவை ஒரு கைப்பிடி எடுத்துப் போடுகிறார். அவித்த வாத்து முட்டையையும் மொறுமொறுவென்ற பருப்பு வடையையும் கத்திரிக்கோலால் நறுக்கி உதிர்க்கிறார். மேலே சாறு. கெளுத்தி மீனை வேகவைத்து முள் நீக்கி, மஞ்சள், இஞ்சி, பூண்டு, எலுமிச்சைப்புல் போட்டு வதக்கி, வறுத்த மாவு கரைத்துவிட்டுக் கொதித்த சாறு. அதில் வாழைத்தண்டு வட்டங்கள் வெந்து கண்ணாடியாகிக் கிடக்கின்றன. ஒரு சிட்டிகை மல்லித்தழை, வறுத்த மிளகாய்த்தூள், ஒரு துண்டு எலுமிச்சம்பழம். ஒவ்வொரு மேசையிலும் பச்சைத்தேநீர் நிரம்பிய பிளாஸ்க் நிற்கிறது. கவிழ்த்துவைத்த சிறு கோப்பைகளை நிமிர்த்தி எத்தனை முறை வேண்டுமானாலும் ஊற்றிக்கொள்ளலாம். அதற்குக் காசில்லை.

மூலையில் இரண்டு இளைஞர்கள். நகக்கண்களில் செம்மண் உலர்ந்திருக்கிறது. த்வாண்டேயின் ஓ-போ பகுதிக்காரர்களாக இருக்க வேண்டும். ‘ஓ’ என்றால் பானை, ‘போ’ என்றால் சூளை. செங்கல்லால் கட்டிய பெரிய சூளைகளில் நாள்கணக்கில் விறகெரித்துச் சுடும் பானைகள் அங்கிருந்து நாட்டின் பல பகுதிகளுக்கும் போகின்றன. ஒருவன் எழுந்து வாசலுக்குப் போய்க் குவளையை எடுக்கிறான். குடிக்குமுன் பானையின் வயிற்றை விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறான். ஓசை அவனுக்குப் பிடித்திருக்கிறது. பிறகுதான் மொள்கிறான்.

எட்டு மணிவாக்கில் ஒரு பெரியவர் பேத்தியோடு வருகிறார். கட்டம் போட்ட லுங்கி, நெற்றியில் விபூதி. பர்மிய மொழியில் இரண்டு கிண்ணம் சொல்கிறார். சிறுமி தமிழில் முனகுகிறாள்.

“தாத்தா, எனக்கு முட்டை வேணாம். பேஜோ மட்டும் போதும்.”

“முட்டையும் தின்னு தாயி. வீட்டுக்குத் திரும்ப மத்தியானமாயிரும்.”

‘பேஜோ’ என்று அவள் கேட்டது உதிர்த்த பருப்பு வடையை. சென்னை கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, பர்மிய உணவான அத்தோ விற்கும் வண்டிகளில் இதே சொல்லைக் கேட்டிருக்கிறேன். அங்கே எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் வெளிச்சமும் இங்கே விழும் காலை வெயிலும் அந்த ஒரு சொல்லில் ஒட்டிக்கொள்கின்றன.

இந்த ஒட்டுதலின் கதை பழையது. 1852-இல் கீழ் பர்மா பிரிட்டிஷார் வசமானது. டெல்டாவின் காடும் சதுப்பும் நெல்வயலானது. செட்டியார்களின் கடன் வந்தது. மேஸ்திரிகள் திரட்டிய கூலியாட்கள் கப்பல் கப்பலாக வந்தார்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல் போக, முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களின் நிலத்தில் கால்பங்கு செட்டியார் கைக்குப் போனது. பர்மிய உழவரின் மனக்காயம் அங்கே தொடங்கியது. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பு, இந்தியா நோக்கிக் காட்டுவழி நடை. 1962-இல் ராணுவ ஆட்சி, அடுத்து அரசுடைமை, லட்சக்கணக்கான இந்தியர் வெளியேற்றம். திரும்பி வந்தவர்களுக்காக 1969-இல் சென்னையில் பர்மா பஜார் உருவானது. பர்மிய மொழியில் கையால் பிசைந்து கலப்பதை ‘அத்தோக்’ என்பார்கள். நம் வாயில் அது அத்தோ ஆனது. மொய்ங்காவின் வாழைத்தண்டு அங்கே ‘வாழைத்தண்டு சூப்’ ஆனது. பதிலுக்கு நாம் இங்கே விட்டுவந்த தோசை ‘தோஷே’யாகவும் பரோட்டா ‘பலாட்டா’வாகவும் தேநீர்க் கடைகளில் நிலைத்துவிட்டன. நிலத்தை வைத்து வந்த கசப்பைச் சோறு சுமக்கவில்லை.

பத்து மணிக்கு மொய்ங்கா தீர்ந்துவிடுகிறது. கடை சோற்றுக்கடையாக மாறுகிறது. நான் மீன் குழம்பு ஒன்று சொல்கிறேன். வருவதோ ஒரு விருந்து. புளிச்சக்கீரைச் சாறு, அவித்ததும் பச்சையுமாக ஒரு தட்டு நிறையக் காய், இலை, தொட்டுக்கொள்ளப் புளித்த மீன் விழுதைக் கரைத்த ‘ங்கபி’, தீரத் தீரச் சோறு. குழம்பில் எண்ணெய் மேலே மிதக்கிறது. இந்தப் பக்குவத்துக்கு ‘ஸீ-ப்யான்’ என்று பெயர், எண்ணெய் திரும்பி வருவது. “எண்ணெய் பிரிஞ்சு வரட்டும்” என்று அடுப்படியில் சொல்லும் நம் அம்மாக்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கடைசியாக ஒரு சின்ன ஜாடி நகர்ந்து வருகிறது. உள்ளே பனைவெல்லத் துண்டுகள். நம் கருப்பட்டியின் கூடப்பிறந்தது.

கணக்குச் சொல்லும்போது கடைக்கார அம்மா குழம்பை மட்டும் சொல்கிறார். சாறு, காய், தேநீர், வெல்லம், வாசல் தண்ணீர் எதுவும் கணக்கில் வரவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறுகிறது. காலையில் போன பெரியவரும் பேத்தியும் திரும்பி வருகிறார்கள். கையில் சணல் சுற்றிய ஒரு புதுப்பானை. இம்முறை அவர்கள் கடைக்குள் வரவில்லை. எதுவும் வாங்கவும் இல்லை. வாசலில் நின்று பெரியவர் குவளையில் மொண்டு முதலில் சிறுமிக்குக் கொடுக்கிறார். பிறகு தானும் அண்ணாந்து குடிக்கிறார். குவளையைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறார். அடுப்படியிலிருந்து கடைக்கார அம்மா பார்க்கிறார். அவர்கள் போனதும் குடத்தோடு வந்து, குறைந்த பானையை நிரப்புகிறார்.

வழிப்பயணத்தில் எந்தக் கடையில் நிறுத்தலாம் என்று பலரும் ருசியை வைத்து முடிவு செய்கிறார்கள். த்வாண்டே சாலையில் அரை நாள் உட்கார்ந்த பிறகு எனக்கு வேறு அளவுகோல் கிடைத்திருக்கிறது. ஒரு கடை கணக்கில் சேர்க்காமல் எதைத் தருகிறது என்று பாருங்கள். வாங்க வராதவருக்கும் அதன் வாசலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அங்கே வண்டியை நிறுத்துங்கள்; உள்ளே ருசி இருக்கும்.