நல்ல காலுக்கும் ஒரு காலணி

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று பெரியோர் கேட்பார்கள். எங்கள் வீட்டிலோ அந்தப் பழமொழியைத் திருப்பிப் போட்டுப் படிக்க வேண்டியதாயிற்று. வளைந்து பிறந்த ஒன்றை நிமிர்த்துவதற்கும் ஒரு காலம் உண்டு. அது ஐந்து வயதில் அல்ல, பிறந்த சில நாட்களிலேயே தொடங்கிவிடுகிறது. இதை எங்களுக்குக் கற்றுத் தந்த ஆசிரியை ஒரு கைக்குழந்தை.

2023-ஆம் ஆண்டு ஜூலை மாதம் எங்கள் அக்கா தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருந்தாள். பெண் குழந்தை பிறந்தது. எட்டாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் படித்துக் கொண்டிருந்த நாங்கள் இருவரும் ஒரே நாளில் சித்திகள் ஆகிவிட்டோம்! ஆனந்தமாய் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அம்மா ஒன்றும் பேசாமல் குழந்தையின் துணியை விலக்கிக் காட்டினார். இடது பாதம் மலர்ந்த பூவைப் போல இருந்தது. வலது பாதமோ உள்பக்கமாய் மடங்கி, உள்ளங்கால் மற்றக் காலைப் பார்த்தபடி திரும்பியிருந்தது.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். "கிரகணத்தன்று வெளியே வந்தாயா?" என்று ஒருவர் கேட்டார். "பொம்பளைப் பிள்ளையாச்சே, நாளைக்கு எப்படிக் கரையேற்றப் போகிறீர்கள்?" என்று மற்றொருவர் பெருமூச்சு விட்டார். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கொண்டாள். மறுநாள் வந்த எலும்பு டாக்டர் அம்மாதான் அவளை இந்தப் பக்கம் திருப்பினார். "இதில் உன் தவறு எதுவும் இல்லையம்மா. ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. பெரிய ஆபரேஷன் இல்லாமலே நிமிர்த்திவிடலாம். ஆனால் பாதி வேலை எங்களுடையது, மீதிப் பாதி உங்கள் வீட்டாருடையது" என்றார்.

இதற்கு ஆங்கிலத்தில் 'கிளப் ஃபுட்' என்று பெயர். தமிழில் வளைபாதம் என்கிறார்கள். சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டஸ், இத்தகைய பாதத்தை மெல்ல மெல்லக் கையால் திருப்பித் துணி சுற்றிக் கட்ட வேண்டும் என்று எழுதி வைத்தாராம். இன்று உலகெங்கும் கையாளப்படும் முறையைத் தந்தவர் டாக்டர் இக்னேஷியோ பொன்செட்டி. 1914-இல் ஸ்பெயின் நாட்டின் மினோர்கா தீவில் பிறந்தவர். அந்நாட்டு உள்நாட்டுப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு வைத்தியம் செய்தவர். பிற்பாடு அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். பெரிய அறுவை செய்யப்பட்ட பாதங்கள் வயது ஏற ஏற இறுகி வலிப்பதைக் கண்டார். பச்சிளங் குழந்தையின் தசைநார்கள் இளகும் தன்மை உடையவை அல்லவா? கத்தியைவிடப் பொறுமையே சிறந்தது என்று முடிவு செய்தார். பல ஆண்டுகள் அவர் சொல்லைக் கேட்பார் அதிகம் இல்லை. 2009-இல் தம் 95-ஆம் வயதில் அவர் மறைவதற்குள் உலகம் அவர் வழிக்கு வந்துவிட்டது.

எங்கள் குழந்தைக்குப் பத்தாம் நாள் முதல் மாவுக்கட்டு போட்டார்கள். விரல் நுனி முதல் தொடை வரை, முழங்கால் மடங்கியபடி கட்டு. வாரந்தோறும் பழைய கட்டை அவிழ்த்து, பாதத்தை இன்னும் கொஞ்சம் வெளிப்புறம் திருப்பிப் புதுக் கட்டு. ஆறு வாரங்களில் ஆறு கட்டுகள்! விரல்கள் நீலம் பாயாமல் சிவப்பாய் இருக்கின்றனவா என்று பார்ப்பது எங்கள் வேலை. ஆறாவது கட்டுக்குப் பின், குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணை மரத்துப்போகும் மருந்து போட்டுச் சிறு கீறலில் தளர்த்தினார்கள். மூன்று வாரம் கடைசிக் கட்டு. அதை அவிழ்த்தபோது இரண்டு பாதங்களும் ஒன்றுபோல் இருந்தன. பாட்டி சிலுவை அடையாளம் வரைந்து கொண்டார். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தோம்.

அப்போதுதான் டாக்டர் அம்மா அந்தப் பொருளை மேசை மேல் வைத்தார். இரண்டு குட்டி ஷூக்கள். அவற்றை இணைக்கும் ஓர் உலோகப் பட்டை, குழந்தையின் தோள் அகலத்துக்கு. வலது ஷூ மிகவும் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. இடது ஷூ அதில் பாதியளவு. "முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம். அதன்பின் நான்கு வயது வரை இரவிலும் பகல் தூக்கத்திலும்" என்றார். "பாதம் நேராகிவிட்டதே?" என்று அக்கா கேட்டாள். "நேராகிவிட்டது. ஆனால் அதற்குப் பழைய நினைவு போகாது. ஷூ போடாத குழந்தைகளுக்குத்தான் பெரும்பாலும் மறுபடி வளைகிறது" என்றார் அவர்.

முதல் இரண்டு இரவுகளை எப்படி மறப்போம்? இடது காலை உதைக்கப் பார்ப்பாள், வலது காலும் கூடவே வரும். ஒன்றும் புரியாமல் வீறிட்டு அழுவாள். பட்டை குறுக்கே நின்றதால் தூளியில் கிடத்தவும் முடியவில்லை. "பால் மணம் மாறாத பிள்ளைக்குக் கால்விலங்கா? கழற்றிவிடடி!" என்று பாட்டி கண்ணீர் விட்டார். அக்காவின் கை இரண்டு முறை வார் வரை போய்த் திரும்பியது. வலியினால் அல்ல, புதுமையினால்தான் அழுகிறாள் என்று டாக்டர் அம்மா முன்னரே எச்சரித்திருந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொண்டோம். இரவுச் செபமாலையை அவள் பாயருகிலேயே சொன்னோம். ஏறி இறங்கும் அந்த ஒரே சீரான ஒலி தூளியின் ஆட்டத்துக்கு ஈடாயிற்று. மூன்றாம் மணிக்குள் தூங்கிவிடுவாள்.

பகலில் அவளுக்கு ஒரு வித்தை கற்பித்தோம். பட்டையை நடுவில் பிடித்து மெல்ல முன்னே தள்ளுவோம், முழங்கால்கள் மடங்கும். பின்னே இழுப்போம், நீளும். "ஆனை வருது, அம்பாரி வருது" என்று ஏதோ வாயில் வந்ததைப் பாடிக்கொண்டே செய்வோம். இரு கால்களையும் சேர்த்து உதைக்க வேண்டும் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. நான்காம் நாள் 'டம் டம்' என்று பாயை அடித்துச் சிரித்தாள். அந்தப் பட்டை எங்கள் நெற்றியிலும் சில முறை பட்டது! பிறகு அதற்குப் பழைய துணியால் உறை தைத்துப் போட்டோம்.

கவனிக்க வேண்டியவை பல. ஷூ போடுமுன் பருத்திக் காலுறை சுருக்கமின்றி இருக்க வேண்டும். உள்ளே, விரல் நுனி வரும் இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தோம். விரல்கள் கோட்டை எட்டினால் குதிகால் சரியாகப் படிந்திருக்கிறது. எட்டாவிட்டால் வாரை ஒரு துளை இறுக்க வேண்டும். குதிகாலின் பின்புறம் கன்றிச் சிவந்தால், ஷூ தளர்ந்து உரசுகிறது என்று பொருள். சிவந்த இடத்தில் எண்ணெயோ களிம்போ தடவக் கூடாது. எண்ணெயில் பேரனுபவம் உள்ள எங்கள் பாட்டிக்கு இது பெரிய தியாகம்! ஆனால் அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே, அதைப் பாட்டியிடம் ஒப்படைத்தோம். குளிப்பாட்டுவதும், துடைப்பதும், சாம்பிராணி காட்டுவதும் அவர் பொறுப்பு. கடிகாரத்தைப் பார்த்து, "நேரமாச்சு, கொண்டா அந்த விலங்கை" என்று கேட்பவரும் பின்னாளில் அவரே.

நவம்பரில் ஞானஸ்நானம். சம்பந்தி அம்மா ஊரிலிருந்து உறவினரோடு வந்திருந்தார். "கோயிலில் ஒரு மணி நேரந்தானே? போட்டோவுக்காவது கழற்றுங்கள். நாலு பேர் நாலு விதமாய்ப் பேசுவார்கள்" என்றார். அவர் கேட்டதிலும் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அன்றைய ஒரு மணி நேரம் காலைக் குளியலிலேயே செலவாகிவிட்டது. அக்கா தலைகுனிந்து, ஆனால் தெளிவாகச் சொன்னாள்: "அத்தை, நாலு பேர் நாளைக்கு அவளோடு நடக்க மாட்டார்கள். அவள்தான் நடக்க வேண்டும்." அத்தானும், "இருக்கட்டும் அம்மா" என்றார். அம்மா தைத்த நீண்ட வெள்ளை அங்கி ஷூவை மறைத்தது. நெற்றியில் நீர் விழுந்ததும் அவள் இரு கால்களையும் ஒருசேர உதைத்தாள். அங்கி எழும்பி, பட்டை பளபளவென்று எல்லாருக்கும் தெரிந்தது.

கோயில் வாசலில் மெழுகுதிரி விற்கும் அம்மாள் ஒருவர் உண்டு. ஒரு பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றியே நடப்பார். அவரைப் பல ஆண்டுகளாய்ப் பார்த்திருக்கிறோம். அன்று எழுந்து வந்து, அந்த ஷூவைத் தொட்டுப் பார்த்தார். "ராத்திரியும் போடணுமா?" என்று கேட்டார். "ஆமாம் அம்மா" என்றோம். "போடுங்க. அழுதாலும் போடுங்க" என்று சொல்லிவிட்டுத் தம் இடத்துக்குத் திரும்பி நடந்தார். சம்பந்தி அம்மா அவர் நடையையே பார்த்துக் கொண்டிருந்தார். அதன் பிறகு அந்த ஷூவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்று அவளுக்கு இரண்டரை வயது. ஓடுகிறாள்; மாடிப்படி ஏறுகிறாள். இரவு செபம் முடிந்ததும் தானே ஷூவை இழுத்து வந்து, "சித்தி, டம்டம்" என்று நீட்டுகிறாள். நான்கு வயது வரை இது தொடரும். அமெரிக்காவின் கிறிஸ்டி யமகுச்சி வளைபாதத்தோடு பிறந்தவர். 1992 ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு நடனத்தில் தங்கம் வென்றார். கால்பந்து வீராங்கனை மியா ஹாமும் அப்படிப் பிறந்தவரே. எங்கள் குட்டிக்குப் பதக்கம் வேண்டாம். பள்ளிக்கு நடந்து வந்தால் போதும்.

ஒரு கேள்வியைத் தங்கை அடிக்கடி கேட்பாள்: "வளைந்தது வலது கால்தானே, ஒன்றும் செய்யாத இடது காலுக்கு ஏன் ஷூ?" டாக்டர் அம்மாவின் பதில் எளியது: "அது இல்லாமல் இது நிற்காது." ஒரு காலை நேராய்ப் பிடித்து வைக்க மற்றக் காலும் அதே நுகத்தைச் சுமக்கிறது. குடும்பம் என்பதும், ஏன், ஒரு வகுப்பறை என்பதும் அப்படித்தானே?

அன்புத் தோழியரே! உங்கள் தெருவிலோ உறவிலோ இப்படி ஒரு குழந்தை பிறந்தால், கிரகணத்தைப் பற்றிப் பேசுவோர் நடுவே நீங்கள் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசுங்கள். பல அரசு மருத்துவமனைகளில் இதற்கு இலவச சிகிச்சை உண்டு. முதல் சில வாரங்களிலேயே போவது நல்லது. பிறகு அந்தத் தாய் இரவில் தளரும்போது, வாரைக் கழற்றச் சொல்லாமல், குழந்தையைச் சற்று நேரம் வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். அவளுக்கு வேண்டிய உதவி அதுதான்.